போனைப் பார்த்துக்கொண்டே ஆளை எடைபோடாதீர்கள்: முழுமையான வழிகாட்டி

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் என் தங்கை போன் செய்தாள். நான் லேப்டாப்பில் ஒரு மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன், திரையின் ஓரத்தில் ஒரு மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு "சொல்லும்மா" என்றேன். அவள் வேலையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள், நானும் இடையிடையே "ம்... ம்..." என்றேன், ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, "சரிண்ணா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். வைத்ததுமே என் மனதில் ஒரு தீர்ப்பு வந்து உட்கார்ந்துகொண்டது: இவள் முன்பு மாதிரி இல்லை, கடமைக்குக் கூப்பிடுகிறாள், பிடிகொடுத்தே பேசுவதில்லை. மூன்று வாரம் அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன். பிறகு நேரில் பார்த்தபோது அவளே சொன்னாள்: "அன்னைக்கு வேலையை விடப்போறேன்னு சொல்லத்தான்ணா கூப்பிட்டேன். நீ டைப் பண்ற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வச்சிட்டேன்."

அவள் சொன்னதை நான் ஒழுங்காகக் கேட்கவில்லை என்பது ஒரு தவறு. அது சின்னது, மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும். என்னுடைய கவனக்குறைவால் சுருங்கிப்போன அவள் பேச்சை எடுத்து, அதையே அவளுடைய குணம் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேனே, அது பெரிய தவறு. மல்டிடாஸ்கிங் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேலை கெடுகிறது, படிப்பு கெடுகிறது, நேரம் வீணாகிறது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மூன்று திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு மனிதர்களைப் பார்க்கும்போது அந்த மனிதர்களே நமக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேச்சு குறைவு. எனக்கு அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பாகப் படுகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், அப்புறம் என்ன செய்யலாம் என்று படிப்படியாகப் போவோம்.

தலைக்குள் என்ன நடக்கிறது

ஒருவரைப் பார்த்ததும் அவரைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உருவாக எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடொரோவ் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத ஒரு முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டியதுமே மக்கள் இவர் நம்பத்தகுந்தவரா, திறமைசாலியா என்றெல்லாம் முடிவுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் காட்டியபோது அந்த முடிவு பெரிதாக மாறவில்லை, தங்கள் முடிவின்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கைதான் கூடியது. ஆக, முத்திரை குத்துவது நமக்கு மூச்சு விடுகிற மாதிரி. நீங்கள் எவ்வளவு பிஸியாக இருந்தாலும் அது நின்றுவிடாது.

நின்றுபோவது வேறொன்று. இதை மிக அழகாகக் காட்டியது டேனியல் கில்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1988-ல் வெளியிட்ட சோதனை. சத்தமில்லாத சின்னச் சின்ன வீடியோக்களில் ஒரு இளம்பெண் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள், பெரும்பாலானவற்றில் பதற்றமாக, நிலைகொள்ளாமல் இருக்கிறாள். அவள் எதைப் பற்றிப் பேசுகிறாள் என்பது திரையின் கீழே எழுத்தில் வரும். ஒரு குழுவுக்குக் காட்டியதில் தலைப்புகள் யாரையும் நெளிய வைக்கக்கூடியவை, அந்தரங்கமான, கூச்சம் தரும் விஷயங்கள். இன்னொரு குழுவுக்கு சாதாரணத் தலைப்புகள். நிதானமாகப் பார்த்தவர்கள் நியாயமாக நடந்துகொண்டார்கள்: இப்படிப்பட்ட விஷயத்தைப் பேசச் சொன்னால் யாருக்குத்தான் பதற்றம் வராது என்று சலுகை கொடுத்தார்கள். ஆனால் வீடியோ பார்க்கும்போதே அந்தத் தலைப்புகளை மனப்பாடமும் செய்யச் சொல்லப்பட்டவர்கள் இரண்டு சூழ்நிலையிலும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள்: இந்தப் பெண் சுபாவத்திலேயே பதற்றக்காரி. யோசித்துப் பாருங்கள், அவளுடைய பதற்றத்துக்குக் காரணம் எதுவோ அதைத்தான் அவர்கள் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள், இருந்தும் அதை அவளுக்குச் சாதகமாக எடுத்துப் பயன்படுத்த அவர்களுடைய மூளைக்குக் கை ஒழியவில்லை.

எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு கிடைக்கவில்லை. ஒருவருடைய நடத்தையைப் பார்க்கிறோம், உடனே அதற்கு ஒரு குணத்தின் பெயரை ஒட்டுகிறோம், அதற்குப் பிறகுதான் "சரி, அவர் நிலைமை என்ன?" என்று கொஞ்சம் திருத்திக்கொள்கிறோம். பெயர் ஒட்டுவதற்கு உழைப்பு தேவையில்லை, திருத்துவதற்குத் தேவை. போனும் டேப்களும் நோட்டிஃபிகேஷன்களும் சேர்ந்து சாப்பிட்டுவிடுவது இந்தத் திருத்தும் வேலையைத்தான். அது நடக்கவில்லை என்பது நமக்குத் தெரிவதும் இல்லை, ஏனென்றால் முதல் முத்திரை எப்போதும் போல முழு நம்பிக்கையோடுதான் வந்து நிற்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1994-ல் நீல் மெக்ரேயும் மற்றவர்களும் செய்த சோதனையில், திரையில் சிலருடைய குணங்களைப் படித்துக்கொண்டே, இந்தோனேசியா பற்றிய ஒரு ஒலிப்பதிவையும் கேட்க வேண்டும். அந்த ஆட்களின் பெயரோடு அவர்கள் எந்த வகை ஆள், என்ன வேலை செய்கிறவர் என்ற அடையாளமும் கொடுக்கப்பட்டவர்கள் குணங்களையும் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள், இந்தோனேசியா பற்றிய கேள்விகளுக்கும் நன்றாகப் பதில் சொன்னார்கள். "இந்த வேலை செய்கிறவர்கள் இப்படித்தான்" என்ற ஆயத்த அச்சு மூளைக்கு உழைப்பை மிச்சப்படுத்துகிறது. கவனம் பற்றாக்குறையாக இருக்கும்போது நாம் ஏன் சாதி, ஊர், வயது, உடை, உச்சரிப்பு என்று கைக்குக் கிடைத்த அச்சில் ஆளை வார்த்துவிடுகிறோம் என்பதற்கு இது ஒரு காரணம். நீங்கள் கெட்டவர் என்பதால் அப்படி நடப்பதில்லை, அது மலிவாக இருப்பதால் நடக்கிறது.

எப்போதும் பல திரைகளோடு இருப்பவர்களுக்கு இது நிரந்தரமாகவே ஆகிவிடுகிறதா? 2009-ல் ஸ்டான்ஃபோர்டில் ஈயல் ஒஃபிர், கிளிஃபர்ட் நாஸ், ஆன்டனி வாக்னர் மூவரும், அதிகமாக மீடியா மல்டிடாஸ்கிங் செய்கிறவர்கள் தேவையில்லாததை வடிகட்டி ஒதுக்குவதில் பின்தங்குகிறார்கள் என்று கண்டார்கள், அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பிறகு வந்த ஆய்வுகள் கலவையாக இருந்தன. 2017-ல் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தவர்கள் அந்த விளைவு முதலில் நினைத்ததைவிட மிகச் சிறியது என்றார்கள். அதுவும் போக, பழக்கம் கவனத்தைக் கெடுக்கிறதா, கவனம் சிதறுகிறவர்கள்தான் இந்தப் பழக்கத்துக்குப் போகிறார்களா என்பதும் இன்னும் தீரவில்லை. அதனால் "உங்கள் மூளை கெட்டுவிட்டது" என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். நான் பேசுவது அந்த நேரத்தில் நடப்பதைப் பற்றி. அது யாருக்கும் நடக்கும், நிறுத்தவும் முடியும்.

"எனக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்ய வரும்" என்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: 2013-ல் யூட்டா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், மல்டிடாஸ்கிங் அதிகம் செய்கிறவர்கள்தான் அதற்கான சோதனையில் குறைவாகச் செய்தார்கள். கலந்துகொண்டவர்களில் 70 சதவீதம் பேர் தாங்கள் சராசரிக்கு மேல் என்று நம்பினார்கள்.

முதல் படி: ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றாதீர்கள். ஒரு சின்ன நோட்டு போதும், போனில் எழுத வேண்டாம், எழுதத் திறந்தால் வேறு எங்கோ போய்விடுவீர்கள். ஒருவரைப் பற்றி மனதில் ஒரு தீர்ப்பு வரும் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: யாரைப் பற்றி, என்ன சொல், அந்த நேரத்தில் உங்கள் கையிலும் கண் முன்னாலும் வேறு என்ன இருந்தது. "மீட்டிங்கில் புதிதாக வந்தவர், மந்தமானவர், நான் இன்னொரு விண்டோவில் மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தேன்." இவ்வளவுதான்.

நான் செய்தபோது என்னைத் தூக்கிவாரிப்போட்டது எண்ணிக்கை இல்லை, சொற்கள்தான். சிடுமூஞ்சி, தலைக்கனம், சோம்பேறி, அழுத்தக்காரர், வளவளா. எல்லாம் குணப் பெயர்கள், ஒன்றுகூட நிலைமையைச் சொல்லும் சொல் இல்லை. "அவசரத்தில் இருந்தார்", "தயங்கினார்", "தூங்காத முகம்" என்பவையெல்லாம் போனைத் தள்ளி வைத்திருந்த நேரங்களின் பக்கத்தில் மட்டும்தான் எழுதியிருந்தேன்.

இரண்டாவது படி: முத்திரையைக் கையோடு பிடிப்பது

இரண்டாவது வாரம் அந்தச் சொல் வரும்போதே பிடிக்கப் பழகுங்கள். முத்திரை வருவதைத் தடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். அது வந்தபின் ஒரு கேள்வி போதும்: "இப்படி நடந்துகொள்ள வைக்கக்கூடிய நிலைமை ஒன்றை என்னால் சொல்ல முடியுமா?" ஒன்றே ஒன்று போதும், அது சரியாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கில்பர்ட்டின் சோதனையில் விட்டுப்போனது இந்தக் கேள்விதானே, அதைக் கையால் போட்டுக்கொள்கிறோம்.

அந்த நேரத்தில் உங்களால் ஒரு நிலைமையைக்கூட யோசிக்க முடியவில்லை என்றால் அதற்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: உங்கள் தலையில் இடமில்லை. அப்போது முடிவு எடுக்காதீர்கள். "தெரியாது" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரைப் பற்றித் தெரியாது என்று சொல்லிக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை, பழகப் பழகத்தான் வரும்.

மூன்றாவது படி: போன் எங்கே இருக்க வேண்டும்

இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். 2017-ல் வந்த ஒரு ஆய்வில், சைலண்டில் இருந்தாலும்கூட போன் மேசைமேல் இருந்தவர்களைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பக்கத்தில் போன் சும்மா கிடந்தாலே இருவருக்கு இடையிலான நெருக்கம் குறைகிறது என்றும் 2012 வாக்கில் ஒரு ஆய்வு வந்தது, ஆனால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. உறுதியான ஆதாரம் எது என்றால் பயன்படுத்துவதைப் பற்றியதுதான்: 2018-ல் வெளியான ஒரு ஆய்வில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை நண்பர்களோடும் குடும்பத்தோடும் சாப்பிட உட்கார வைத்தார்கள், போனை மேசையில் வைத்துப் பயன்படுத்த முடிந்தவர்கள் கவனம் அதிகம் சிதறியதாகவும் அந்தச் சந்திப்பைக் கொஞ்சம் குறைவாக ரசித்ததாகவும் சொன்னார்கள்.

என் பழக்கம்: முக்கியமான பேச்சு என்றால் போன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கை எட்டாத தூரத்தில். கவிழ்த்து வைப்பது எனக்குப் போதவில்லை, கவிழ்த்து வைத்த போன் அதிரும்போது நான் பார்க்காவிட்டாலும் என் கண் ஒரு தடவை அங்கே போய் வருகிறது, எதிரில் இருப்பவர் அதைப் பார்த்துவிடுகிறார்.

கண் போவதும் பார்ப்பதும் ஒன்றில்லை என்பதற்கு ஒரு வேடிக்கையான ஆதாரம் உண்டு. 2010-ல் வெளியான ஆய்வுக்காக ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்றவிட்டார்கள். போனில் பேசியபடி நடந்து வந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் அவரைக் கண்டிருந்தார். இரண்டு பேராகப் பேசிக்கொண்டு நடந்தவர்களில் பத்தில் ஏழு பேர் கண்டார்கள். ஒரு கோமாளியையே தவறவிடுகிறவர்கள் எதிரில் இருப்பவரின் உதட்டோரத்தில் வந்து போகும் ஒரு சின்ன நடுக்கத்தை எப்படிப் பார்ப்பார்கள்?

நான்காவது படி: முந்தைய வேலையை வாசலில் விட்டுவிட்டு வருவது

போனைத் தள்ளி வைத்தாலும் மனம் அங்கேயே இருக்கும். சோஃபி லெராய் 2009-ல் இதற்கு ஒரு நல்ல பெயர் வைத்தார், தமிழில் கவன மிச்சம் என்று சொல்லலாம்: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, முக்கியமாக முதல் வேலை முடியாமல் இருக்கும்போது, மனதின் ஒரு பகுதி பழைய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாதி எழுதிய மெயிலோடு நீங்கள் ஒருவரைச் சந்தித்தால் அவர் முன்னால் உட்கார்ந்திருப்பது பாதி நீங்கள்தான்.

அதனால் ஒருவரிடம் பேசப் போவதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்து, விட்டுப்போகும் வேலை எந்த இடத்தில் நிற்கிறது, திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி காகிதத்தில் எழுதுங்கள். அந்த வரி இருந்தால் மனம் விட்டுவிடுகிறது. வேலைக்கு ஆள் எடுக்க நேர்காணல் செய்கிறவர்கள், மாணவர்களை மதிப்பிடுகிறவர்கள், நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். உங்கள் அரைக் கவனத்தில் உருவான ஒரு சொல் இன்னொருவருடைய பிழைப்பையே தீர்மானிக்கிற இடம் அது. வீடியோவில் நேர்காணல் செய்துகொண்டே இன்னொரு விண்டோவில் மெசேஜ் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், "ஆள் கொஞ்சம் தெளிவில்லாம பேசறார்" என்று அவர்கள் எழுதிய குறிப்பையும் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

ஐந்தாவது படி: ம் கொட்டுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

சின்ன வயதில் கதை சொல்கிறவர்கள் "ம் கொட்டினால்தான் சொல்லுவேன்" என்பார்களே, அது வெறும் செல்லக் கட்டளை இல்லை. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலஸும் அவருடைய குழுவும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் மயிரிழையில் தப்பித்த சம்பவத்தைச் சிலரைச் சொல்ல வைத்தார்கள். கேட்பவர்களில் சிலருக்கு ஒரு ரகசிய வேலை: சொல்கிறவர் பேச்சில் 'T' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். கண் அவர்மேல்தான், காதும் அவர் பேச்சில்தான், ஆனால் கதையில் இல்லை. என்ன ஆயிற்று? எண்ணிக்கொண்டிருந்தவர்கள் பொருத்தமான இடத்தில் முகம் சுளிப்பதும் ஐயோ என்பதும் குறைந்தது. கதை சொன்னவர்களோ தடுமாறினார்கள், அதுவும் உச்சக்கட்டம் வரும் முடிவுப் பகுதியில், எந்த இடத்தில் கதை சூடுபிடிக்க வேண்டுமோ அங்கே, சொன்னதையே திரும்பச் சொன்னார்கள், இது ஏன் ஆபத்தாக இருந்தது என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். "இவருக்குப் பேசவே வரவில்லை, இழுத்துக்கொண்டே போகிறார்" என்று நீங்கள் நினைக்கும் அந்த ஆள், உங்கள் கண் திரைக்குப் போனதால் அப்படிப் பேசியிருக்கலாம். உங்கள் கவனக்குறைவு அவரைத் தவறாகப் பார்க்க வைப்பதோடு நிற்கவில்லை, அவரையே மாற்றிவிட்டது, மாறிய ஆளைப் பார்த்து நீங்கள் தீர்ப்பு எழுதினீர்கள். என் தங்கை விஷயத்தில் நடந்தது அப்படியே இதுதான். அவள் பிடிகொடுக்காமல் பேசியது உண்மை. பிடித்துக்கொள்ள என் பக்கம் கை நீளவில்லை என்பதும் உண்மை.

எப்படிச் செய்வது? ஒரே சீராக விழும் "ம்... ம்... ஓ..." போதாது, அது எண்ணிக்கொண்டிருந்தவர்களும் செய்யக்கூடியதுதான். அவர் சொன்ன விஷயத்துக்கு மட்டுமே பொருந்தும் பதில் வேண்டும். "மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்" என்று சொன்னால் "உடனேவா?" என்று கேட்பது, "எல்லார் முன்னாலயும் சொன்னார்" என்றால் முகம் மாறுவது. இதை நடிக்க முடியாது, கதையோடு போனால் தானாக வரும். அதனால் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது: கடைசி இரண்டு நிமிடத்தில் நான் சொன்ன ஏதாவது ஒரு பதில், அவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் பொருந்தாமல் போயிருக்குமா? எல்லாப் பதிலும் எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும் என்றால் நீங்கள் அங்கே இல்லை.

ஆறாவது படி: போன் கால், வீடியோ கால், மெசேஜ்

நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். 2009-ல் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 10 மொழிகளை ஒப்பிட்டபோது எல்லாவற்றிலும் இந்த அளவை ஒட்டியே இருந்தது. அவ்வளவு நுட்பமாக நாம் பழகியிருப்பதால், அந்த இடைவெளி நீண்டால் உடனே அதற்கு ஒரு அர்த்தம் கொடுக்கிறோம்: விருப்பமில்லை, மறைக்கிறார், கவனிக்கவில்லை. ஜெர்மனியில் 2014-ல் வெளியான ஒரு ஆய்வில் இணைப்பில் செயற்கையாகத் தாமதத்தைப் புகுத்தினார்கள். 1.2 நொடித் தாமதம், அவ்வளவுதான், மறுமுனையில் இருந்தவர் கவனமில்லாதவராக, நட்புக் குறைந்தவராகத் தெரிந்தார். தவறு கம்பியில், பழி மனிதர்மேல்.

வீடியோ காலில் நீங்கள் இன்னொரு டேப்பில் படித்துக்கொண்டே பேசினால் இதே தாமதத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள், எதிரில் இருப்பவர் உங்களை எடைபோடுகிறார், அவருக்கும் ஒரு டேப் திறந்திருந்தால் இருவருமே ஒருவரை ஒருவர் தவறாக எடைபோட்டுக்கொண்டு நல்லபடியாக டாட்டா சொல்லிப் பிரிகிறீர்கள். முக்கியமான பேச்சு என்றால் வீடியோ விண்டோவை முழுத் திரைக்குப் பெரிதாக்குங்கள், மற்றதை மூடுங்கள். உங்கள் சொந்த முகம் தெரியும் கட்டத்தையும் மறைத்துவிடுங்கள், அதுவும் ஒரு திரைதான். அதற்குப் பிறகும் எதிரில் இருப்பவர் தாமதமாகப் பதில் சொன்னால், முதல் சந்தேகம் இணைப்பின்மேல் இருக்கட்டும்.

மெசேஜில் நிலைமை இன்னும் மோசம், குரலும் இல்லை முகமும் இல்லை. 2005-ல் ஜஸ்டின் க்ரூகரும் அவருடைய கூட்டாளிகளும், கிண்டலாகவோ உண்மையாகவோ எழுதிய மெயில்களைப் படிக்கிறவர் சரியாகப் புரிந்துகொள்வாரா என்று பார்த்தார்கள். 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள், உண்மையில் 56 சதவீதம்தான், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். எனவே ஒரு "சரி" அல்லது ஒரு "ம்" உங்களைச் சுட்டால், அதை வேறு மூன்று வேலைகளுக்கு நடுவில் படித்தீர்களா என்று பாருங்கள், ஒரு மணி நேரம் கழித்து அதை மட்டும் தனியாகத் திறந்து படியுங்கள், அப்போதும் சுட்டால் போன் செய்து கேளுங்கள். மெசேஜில் வந்த கோபத்துக்கு மெசேஜிலேயே பதில் அடிக்க வேண்டாம்.

ஏழாவது படி: முடியாதபோது சொல்லிவிடுவது

எல்லா நேரமும் முழுக் கவனம் யாராலும் கொடுக்க முடியாது. கைக்குழந்தை வைத்திருப்பவர், வேலையில் அழைப்புக்குக் காத்திருப்பவர், வீட்டில் நோயாளி இருப்பவர், இவர்களுக்கெல்லாம் போன் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அப்போது ஒரு வாக்கியம் போதும்: "ஒரு முக்கியமான கால் வரலாம், வந்தால் எடுப்பேன், மற்றபடி சொல்லுங்கள்." இதைச் சொல்லிவிட்டால் நீங்கள் போனைப் பார்க்கும்போது அவருக்கு ஒரு நிலைமை கையில் இருக்கிறது, குணப் பெயர் தேட மாட்டார். அல்லது "இப்போது பாதி மனதாகத்தான் கேட்பேன், ஒன்பது மணிக்கு நானே கூப்பிடட்டுமா?" என்று கேளுங்கள். பாதிக் காதுக்கு நாற்பது நிமிடம் பேசுவதைவிட, முழுக் காதுக்குப் பத்து நிமிடம் கிடைப்பதையே பெரும்பாலானவர்கள் விரும்புவார்கள். சொன்னால் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

முகத்தைப் படிப்பது பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை, பார்த்துப் பார்த்துத்தான் கூர்மையாகிறது. யால்டா உல்ஸ் தலைமையில் 2014-ல் வெளியான ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் ஐந்து நாட்கள் திரையே இல்லாத ஒரு முகாமில் தங்கினார்கள். திரும்பி வந்தபோது படங்களிலும் வீடியோக்களிலும் உள்ள முகபாவனைகளைக் கண்டுபிடிப்பதில், முகாமுக்குப் போகாத அதே பள்ளிப் பிள்ளைகளைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான், முகாமில் திரை இல்லாதது மட்டுமில்லாமல் சேர்ந்து விளையாடியதும் காரணமாக இருக்கலாம், ஆனால் எனக்கு நம்பிக்கை தருவது அந்த ஐந்து நாள் என்ற கணக்கு. இழந்தது என்று நினைப்பது அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது.

பிள்ளைகளிடம் போனைப் பிடுங்குவதற்கு முன் நீங்கள் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசுகிறீர்களா என்று பாருங்கள். போனைப் பார்த்துக்கொண்டே "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லு" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் கதையும் நடுவில் உடைகிறது, அப்புறம் நாமே "இவன் எதையும் ஒழுங்கா சொல்ல மாட்டான்" என்கிறோம்.

எட்டாவது படி: மற்றவர் போனைப் பார்க்கும்போது

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் திரையைப் பார்த்தால் வலிக்கும், அது இயல்பு. அந்த வலியிலும் இதே நியாயம் வேண்டும். 1973-ல் டார்லியும் பேட்சனும் செய்த பழைய சோதனை ஒன்றில், மதப் போதகராகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்களை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், வழியில் ஒருவர் முடியாமல் சுருண்டு கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள், "தாமதமாகிவிட்டது, ஓடு" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். குணம் ஒன்றுதான், அவசரம்தான் வேறு. உங்கள் நண்பர் உங்களைக் கவனிக்காமல் போனதற்கும் அவருடைய அன்புக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

அதற்காகப் பொறுத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு, கோபம் இல்லாமல், "நீங்க அதை முடிச்சிடுங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிக் காத்திருங்கள். எனக்குத் தெரிந்து இது பெரும்பாலும் வேலை செய்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுருக்கமாக முடித்தால், அவர் உங்களைப் பிடிகொடுக்காதவர் என்று எழுதிக்கொண்டு போவார்.

கடைசிப் படி: பழைய நோட்டைத் திருப்புவது

முதல் வாரத்தில் எழுதியது இன்னும் இருக்கிறதல்லவா, அதை எடுங்கள். திரைக்கு நடுவில் வந்த தீர்ப்புகளை மட்டும் கோடிட்டு, அதில் உங்களுக்கு முக்கியமான ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கி, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். விளக்கம் எதுவும் கொடுக்க வேண்டாம், நான் உன்னைத் தவறாக நினைத்துவிட்டேன் என்று ஆரம்பித்தால் பேச்சு முழுக்க உங்களைப் பற்றியே போய்விடும். "அன்னைக்கு நீ ஏதோ சொல்ல வந்தே, நான் சரியாக் கேக்கல, இப்பச் சொல்றியா?" என்று கேட்டாலே போதும். சொல்ல விருப்பமில்லை என்றால் வேறு எதையாவது சொல்லட்டும். பேசி முடித்த பிறகு நோட்டில் அந்தப் பழைய சொல்லுக்குப் பக்கத்தில் இப்போது என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். சில சமயம் அதே சொல்தான் வரும், ஆள் உண்மையிலேயே அப்படித்தான் இருப்பார், அதுவும் பரவாயில்லை, இந்த முறை அவரைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள்.